ஏழு சீட்டர் வண்டியும் பெங்களூரு டிராஃபிக்கும்: எரிபொருள் செலவை அளக்கவும் குறைக்கவும் முழுமையான வழிகாட்டி

இன்னோவாவோ எர்டிகாவோ, கேரன்ஸோ கார்னிவலோ, ஏழு பேர் உட்காரும் வண்டி வாங்கிய பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களில் இரண்டாம் மாதமே எழும் கேள்வி ஒன்று உண்டு: கம்பெனி சொன்ன மைலேஜ் ஏன் வரவில்லை? சர்வீஸ் சென்டரில் கேட்டால் "ஓட ஓட செட் ஆயிடும் சார்" என்பார்கள். முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய்வரும் வண்டிக்கு அந்தக் கொஞ்சம் போதாது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று புலம்புவதைவிட, ஊற்றிய டீசல் எந்தெந்த வழியில் போகிறது என்று பிரித்துப் பார்த்தால் எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பது தெரிந்துவிடும்.

விளம்பர எண் எங்கிருந்து வருகிறது

எர்டிகா பெட்ரோல் மேனுவலுக்கு லிட்டருக்கு 20.51 கி.மீ., இன்னோவா ஹைகிராஸ் ஹைப்ரிடுக்கு 23.24, ஹைப்ரிட் இல்லாத ஹைகிராஸுக்கு 16.13. இவையெல்லாம் ஆய்வகத்தில், உருளைகளின் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு எடுத்த எண்கள். சோதனை சுமார் 20 நிமிடம் ஓடும். உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ., சராசரி 30-க்குச் சற்று மேல். ஏசி அணைந்திருக்கும். ஹம்ப் கிடையாது, குழி கிடையாது, குறுக்கே வரும் ஆட்டோவும் கிடையாது.

பெங்களூரு நிலவரம் வேறு. போக்குவரத்து நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2022 கணக்கில் இந்நகரின் மையப் பகுதியில் 10 கி.மீ. கடக்கச் சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி ஆனது. அதாவது மணிக்கு 20 கி.மீ. சில்லறை. மாலை ஆறரைக்கு சில்க் போர்டிலோ டின் ஃபேக்டரியிலோ நிற்பவர்களுக்கு அந்தச் சராசரியே தாராளமாகத் தோன்றும்.

ஆகவே ஏசியோடு, நகருக்குள், இந்த வாக்கில் வந்தால் வண்டியைச் சந்தேகிக்க வேண்டாம்: இன்னோவா கிரிஸ்டா 2.4 டீசல் மேனுவல் 9 முதல் 12 வரை, எர்டிகா பெட்ரோல் 10 முதல் 13, ஹைகிராஸ் ஹைப்ரிட் 14 முதல் 17, கார்னிவல் டீசல் 8 முதல் 10. இவற்றின் கீழ் எல்லைக்கும் கீழே தொடர்ந்து போனால்தான் தேட வேண்டும்.

முதலில் சரியாக அளக்க வேண்டும்

டேஷ்போர்டில் காட்டும் சராசரி பெரும்பாலும் உண்மையைவிடக் கூடுதலாகவே இருக்கும். இன்ஜெக்டர் திறந்திருந்த நேரத்தை வைத்துக் கம்ப்யூட்டர் போடும் மதிப்பீடு அது. டேங்கில் குறைந்ததை அது அளப்பதில்லை. இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிட அது போதும். செலவுக் கணக்குக்கு டேங்க் ஃபுல் முறைதான்.

1. ஒரே பங்க், முடிந்தால் ஒரே மெஷின், தரை சமமாக உள்ள இடம். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் டேங்கின் மூலையில் காற்று தங்கி, ஒரு லிட்டர் வரை வித்தியாசம் காட்டும்.
2. நாஸில் தானாக முதல் தடவை 'டக்' என்று நின்றதும் நிறுத்தச் சொல்லுங்கள். கன்னடத்தில் "ஆட்டோ கட் ஆதரெ சாக்கு, ரவுண்ட் பேடா" (ஆட்டோ கட் ஆனால் போதும், ரவுண்ட் வேண்டாம்) என்றால் பங்க் பையனுக்குப் புரியும். ரவுண்டாக நூறுக்கோ ஐந்நூறுக்கோ கொண்டுபோக அழுத்தி அழுத்தி ஊற்றினால் கணக்கும் கெடும், எரிபொருள் ஆவியைப் பிடித்துவைக்கும் கேனிஸ்டருக்குள் பெட்ரோல் போய் அதுவும் கெடும்.
3. டிரிப் மீட்டரை ஜீரோ செய்துவிட்டு, ஓடோமீட்டர் எண்ணையும் பில்லையும் ஃபோனில் படம் எடுங்கள்.
4. கால் டேங்குக்குக் கீழே வரும்வரை ஓட்டிவிட்டு அதே இடத்தில், அதே முறையில் நிரப்புங்கள்.
5. இப்படித் தொடர்ந்து நான்கு தடவை. மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள்.

நான்கு தடவை எதற்கு என்றால், ஒவ்வொரு நிரப்பலிலும் ஒரு லிட்டர் முன்பின் ஆகலாம். 10 லிட்டர் போட்டுக் கணக்குப் பார்த்தால் அது 10 சதவீதப் பிழை. 12 என்று நினைத்தது 11-ஆகவோ 13-ஆகவோ இருக்கலாம், அதை வைத்து மெக்கானிக்கிடம் சண்டை போட முடியாது. தொடர் கணக்கில் நடுவில் வரும் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்; முதல் நிரப்பலின் பிழையும் கடைசி நிரப்பலின் பிழையும் மட்டுமே மிஞ்சும். 160 லிட்டரில் ஒரு லிட்டர் பிழை என்பது ஒரு சதவீதம்கூட இல்லை.

ஓடோமீட்டரையும் ஒருமுறை சரிபாருங்கள். ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி ரோட்டில் மஞ்சள் தலை கிலோமீட்டர் கற்களைப் பார்த்து 20 கி.மீ. ஓட்டினால் போதும். டயர் அளவை மாற்றியவர்களுக்கு இது கட்டாயம். 205/65 ஆர்16 இருந்த இடத்தில் 215/65 ஆர்16 போட்டால் டயர் விட்டம் சுமார் 673 மி.மீ.யிலிருந்து 686-க்குப் போகும். ஓடோமீட்டர் இரண்டு சதவீதம் குறைத்துக் காட்டும், மைலேஜும் அந்த அளவு குறைந்ததாகத் தெரியும். வண்டியில் ஒன்றும் ஆகியிருக்காது.

பங்கின் மேல் சந்தேகம் வந்தால், எடையளவுத் துறை முத்திரை வைத்த 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். கேட்பது வாடிக்கையாளர் உரிமை. 25 மில்லிக்கு மேல் குறைந்தால் புகார் செய்யலாம். அரை சதவீதம் வரை அனுமதி என்பதால், இரண்டு ஒழுங்கான பங்குகளுக்கு இடையிலேயே ஒரு சதவீத வேறுபாடு சட்டப்படி இருக்க முடியும்.

லிட்டர் எங்கே போகிறது

இதுதான் கவனித்துப் படிக்க வேண்டிய பகுதி. ஆட்களோடு 2,000 கிலோ வரும் ஒரு டீசல் வண்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 20 கி.மீ. பயணம், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதில் 20 நிமிடம் அசையாமல் நிற்கிறது. 40 கி.மீ. வேகத்திலிருந்து முழுதாக நிற்கும் சந்தர்ப்பம் 30. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் உண்டு. நகர ஓட்டத்தில் அதில் 10 மெகாஜூல் வாக்கில்தான் வேலைக்கு ஆகும், மீதி சூடாகப் போய்விடும். கணக்கு இப்படி வரும்:

- டயர் உருளும் எதிர்ப்பு: 470 மில்லி
- ஓடும்போது ஏசி, ஆல்டர்னேட்டர்: 400 மில்லி
- பிரேக்கில் சூடாகிப் போன வேகம், ஒரு நிறுத்தத்துக்கு 12 மில்லி வீதம்: 370 மில்லி
- நின்றபடி ஓடிய இன்ஜின், மணிக்கு 0.9 லிட்டர் வீதம்: 300 மில்லி
- காற்றின் எதிர்ப்பு: 130 மில்லி

மொத்தம் 1.67 லிட்டர். லிட்டருக்கு 12 கி.மீ. இதே வண்டியில் நிறுத்தம் 45, நிற்கும் நேரம் 40 நிமிடம் என்றால் எண் 9-ஐ ஒட்டி வந்துவிடும். வண்டி அதேதான், டிரைவரும் அதேதான்.

வேகம் சார்ந்த கணக்கு ஒன்றும் இதில் ஒளிந்திருக்கிறது. வண்டி சேர்த்துவைத்த ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக உயரும். 40-லிருந்து நிறுத்தினால் 12 மில்லி, 60-லிருந்து நிறுத்தினால் 27. அடுத்த சிக்னல் சிவப்பு என்று தெரிந்தும் 60-க்கு மிதித்துவிட்டு பிரேக் அடிப்பவர் ஒவ்வொரு தடவையும் 15 மில்லியை பிரேக் பேடில் சூடாக்குகிறார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். லிட்டருக்கு 8 வருவதை 10 ஆக்கினால் 100 கி.மீ.க்கு இரண்டரை லிட்டர் மிச்சம். 16 வருவதை 18 ஆக்கினால் 700 மில்லிதான். இரண்டும் '2 மைலேஜ்' கூடியதாகத்தான் தெரியும். அதனால் முதலில் கை வைக்க வேண்டியது நகர ஓட்டத்தில்தான்; ஊருக்குப் போகும் ஹைவே மைலேஜ் அப்புறம்.

ஓட்டும் முறையில் மாற்ற வேண்டியவை

இடைவெளி விடுங்கள். முன்வண்டி நகரும் ஒவ்வொரு தடவையும் ஒட்டிப் போய் நிற்காமல், இரண்டு கார் நீளம் இடம் விட்டு இரண்டாம் கியரிலோ ஆட்டோமேட்டிக்கின் தானே நகரும் வேகத்திலோ ஊர்ந்தால் மூன்று நிறுத்தம் ஒன்றாகும். அந்த இடத்தில் ஆட்டோவும் ஸ்கூட்டரும் புகுந்துகொள்வார்கள் என்பது உண்மை. புகுந்துகொள்ளட்டும். அவர்களால் உங்களுக்குப் போவது சில விநாடி.

காலை முன்கூட்டியே எடுங்கள். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டால், இன்றைய இன்ஜின்கள் எரிபொருளை முற்றாக நிறுத்திவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றும். இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை (ஆர்பிஎம்) 1,200-க்குப் பக்கத்தில் இறங்கும்போதுதான் மறுபடி ஊற்றத் தொடங்கும். நியூட்ரலில் போட்டு உருட்டினால் ஐடிலுக்கான, அதாவது இன்ஜின் சும்மா ஓடுவதற்கான, டீசல் செலவாகிக்கொண்டே இருக்கும். 'நியூட்ரல் போட்டால் மிச்சம்' என்பது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். அது இன்னும் டிரைவர்களிடம் போகவில்லை.

கிளம்பும்போது மிக மெதுவாகக் கிளம்ப வேண்டும் என்பதும் தேவையில்லை. பாதி அளவு மிதித்து, டீசலில் 2,000 ஆர்பிஎம் வாக்கில் கியர் மாற்றி, வேண்டிய வேகத்துக்குச் சீக்கிரம் வந்து மேல் கியரில் நிலைத்துவிடுவதே நல்லது. கீழ் கியரில் நெடுநேரம் இழுத்துக்கொண்டு போவதுதான் வீண். அதே சமயம், மேல் கியரில் 1,200-க்குக் கீழே திணறவிட்டால் இன்ஜின் அதிர்ந்து கிளட்சும் ஃப்ளைவீலும் அடி வாங்கும்.

சிக்னலில் கவுன்ட்டவுன் 40 விநாடிக்கு மேல் காட்டினால் அணைத்துவிடலாம். மறுபடி ஸ்டார்ட் செய்ய ஆகும் எரிபொருள் சில விநாடி ஐடிலுக்குத்தான் சமம். மேலே சொன்ன 20 நிமிடத்தில் 12 நிமிடம் அணைந்திருந்தால் 180 மில்லி மிச்சம். மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிற்கும்போதும், வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதும் மட்டும் அணைக்கக் கூடாது, பிரேக்கும் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். பேட்டரி மூன்று வருடத்தைத் தாண்டியிருந்தால் அதன் நிலையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈகோ பட்டனைப் பற்றிப் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆக்சிலரேட்டரை மந்தமாக்கும், ஏசியைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். அதே வேகத்துக்கு இன்னும் ஆழமாக மிதித்தால் அதே செலவு.

ஏசி: பெங்களூரில் கிடைக்கும் சலுகை

இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வருடத்தில் பெரும்பகுதி, காலை ஒன்பதுக்கு முன் ஏசி இல்லாமலே போகலாம். நகர வேகத்தில் ஜன்னலைத் திறப்பதால் காற்று எதிர்ப்பு கூடுவது கணக்கிலேயே வராது. 70, 80-க்கு மேல் போனால் ஜன்னலை ஏற்றிவிட்டு ஏசி போடுவது சரி.

பெரிய வண்டிகளில் மறக்கப்படுவது பின்பக்க ஏசி. மூன்றாம் வரிசைக்குத் தனிக் குளிரூட்டியும் ஊதியும் உண்டு. பின்னால் ஆள் இல்லாத நாளில் அதை அணைத்துவிட்டால் கம்ப்ரசரின் சுமை குறையும். வெயிலில் நிறுத்திய வண்டியில் ஏறியதும் நான்கு கதவையும் திறந்து சூட்டை வெளியேற்றி, முதல் ஒரு நிமிடம் ஜன்னல் இறக்கி ஓட்டி, பிறகு உள்காற்றுச் சுழற்சியில் 25 டிகிரி வையுங்கள். 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிராது. நிற்காமல் ஓடும், அதுதான் நடக்கும்.

ஏசி முன்பைவிட அதிகம் இழுப்பதாகப் பட்டால் ரேடியேட்டர் முன்னால் இருக்கும் கண்டன்சரைப் பாருங்கள். ஒயிட்ஃபீல்டு, பெல்லந்தூர் கட்டட வேலைத் தூசி அதன் இடுக்கில் அப்பிக்கொள்ளும். தாழ்ந்த அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் போதும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்தால் இதழ்கள் மடங்கிவிடும்.

டயர், எடை, கேரியர்

டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இரண்டு அழுத்தங்கள் இருக்கலாம்: குறைந்த ஆட்களுக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. டயர் குளிர்ந்திருக்கும்போது, மூன்று கி.மீ.க்கு மேல் ஓடுவதற்குள் காற்றடிக்க வேண்டும். 1 பிஎஸ்ஐ குறைந்தால் செலவு சுமார் 0.2 சதவீதம் கூடும். ஐந்து குறைந்தால் ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். எரிபொருளைப் பொறுத்தவரை உண்மையும் அதுதான். காற்றைச் சரியாக வைக்கச் சொல்வதற்குப் பெரிய காரணம் டயரின் ஆயுளும், முழுச் சுமையில் ஹைவேயில் வெடிக்காமல் இருப்பதும். ஸ்டிக்கர் எண்ணுக்கு மேல் ஐந்தாறு ஏற்றி 'மைலேஜுக்காக' ஓட்டுவது, மழையில் பிடிப்பைக் கொடுத்துச் சில்லறை வாங்குவது.

சக்கர அலைன்மென்ட் வேறு கதை. பெரிய குழியில் இறங்கியபின் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ டயர் ஓரம் ரம்பம்போல் தேய்ந்தாலோ, சக்கரங்கள் பக்கவாட்டில் உரசிக்கொண்டே ஓடுகின்றன என்று அர்த்தம். 10,000 கி.மீ.க்கு ஒரு தடவை, மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை.

எடையில், சுமார் 45 கிலோவுக்கு ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆட்களைக் குறைக்க முடியாது. டிக்கியில் மாதக்கணக்கில் கிடக்கும் தண்ணீர் கேனையும் கிரிக்கெட் சாமானையும் இறக்கலாம். கூரைக் கேரியர் அதைவிட மோசம். மூட்டை கட்டிய கேரியர் ஹைவே வேகத்தில் பத்து முதல் இருபது சதவீதம் வரை தின்னும். பொங்கலுக்குப் போட்டதை மாசி வரை கழற்றாமல் வைத்திருக்க வேண்டாம்.

மைலேஜ் திடீரென்று விழுந்தால்: தேடும் வரிசை

ஒவ்வொரு நிரப்பலின் கணக்கையும் எடுத்துப் பாருங்கள்: மெதுவாகக் குறைந்ததா, ஒரே நிரப்பலில் விழுந்ததா? ஒரே நிரப்பலில் என்றால் அதற்குச் சற்று முன் என்ன மாறியது என்று கேளுங்கள். புது டயர், சர்வீஸ், பங்க் மாற்றம், ஆஃபீஸ் மாற்றம், பள்ளி திறப்பு. பாதிக்கு மேல் விடை இங்கேயே கிடைக்கும். புது டயர் தேய்ந்த டயரைவிடக் கூடுதலாகவே எதிர்க்கும். சில ஆயிரம் கி.மீ.யில் ஓரளவு சரியாகும். சர்வீஸ் முடிந்தபின் விழுந்தால் ஆயில் கிரேடைப் பில்லில் பாருங்கள். கையேடு 0டபிள்யூ-16 அல்லது 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினுக்கு அதைவிடக் கெட்டியான 10டபிள்யூ-30 ஊற்றியிருந்தால் அதுவும் ஒரு காரணம்.

அடுத்து பிரேக். பிரேக் பேடை அழுத்தும் கேலிப்பரின் வழுக்கி நகரும் ஊசிகள் (பின்கள்) தூசியும் தண்ணீரும் சேர்ந்து இறுகினால் பேட் டிஸ்க்கை விடாது. பத்து கி.மீ. ஓட்டி, கடைசியில் அதிகம் பிரேக் அடிக்காமல் நிறுத்தி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நான்கு சக்கர மையத்தையும் பாருங்கள். முன் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக, பின் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் ஜோடியைவிட 25, 30 டிகிரி கூடுதல் என்றால் அங்கேதான் டீசல் எரிகிறது. பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கான சிலிகோன் கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் தீரும். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைத்துவிடும்.

மூன்றாவது, வண்டிக் கம்ப்யூட்டரின் எண்களைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகும் புளூடூத் வகை போதும். இரண்டு எண் பாருங்கள். கூலன்ட் வெப்பநிலை பத்து, பதினைந்து நிமிடத்தில் 80-ஐத் தாண்டி 90 வாக்கில் நிலைக்க வேண்டும். ஹைவேயில் 65, 70-க்கு இறங்கிவிட்டால் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டது. இன்ஜின் இன்னும் குளிராக இருப்பதாக நினைத்துக் கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றும். பெட்ரோல் வண்டியில் நீண்டகால ஃபியூயல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைத் திருத்தும் அளவு, கூட்டியோ குறைத்தோ ஐந்து சதவீதத்துக்குள் இருப்பது நலம். பத்தைத் தாண்டினால் காற்றுக் கசிவு, அழுக்கான காற்றோட்ட சென்சார், ஆக்சிஜன் சென்சார் என்று தேட வேண்டும்.

கிளட்ச் வழுக்குகிறதா என்று நான்காம் கியரில் 40-ல் போகும்போது முழுதாக மிதித்துப் பாருங்கள். ஆர்பிஎம் எகிறி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் முடிந்தது.

ஏர் ஃபில்டரை வேண்டுமென்றே கடைசியில் வைத்திருக்கிறோம். இன்ஜெக்ஷன் பெட்ரோல் இன்ஜினில் அடைத்த ஃபில்டர் இழுவையைக் குறைக்கும். எரிபொருள் செலவைப் பெரிதாகக் கூட்டாது, காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடும். டீசல் டர்போவில் அடைப்பு முற்றினால் கரும்புகையும் செலவும் வரும். ஆகவே நேரத்துக்கு மாற்றுங்கள், அற்புதம் எதிர்பார்க்காதீர்கள். பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம், டேங்கில் ஊற்றும் 'மைலேஜ் பூஸ்டர்', கையேடு கேட்காத உயர் ஆக்டேன் பெட்ரோல், மூன்றுக்கும் கொடுக்கும் காசில் டேங்க் கொஞ்சம் நிரம்பும்.

பிஎஸ்6 டீசல்: புகைக்கரி வடிகட்டி

2020 ஏப்ரலுக்குப் பிறகு, பிஎஸ்6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டிகளின் சைலன்சர் பாதையில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் உண்டு. அது நிறைந்ததும் வண்டி கூடுதல் டீசல் ஊற்றி 600 டிகிரி வாக்கில் கரியை எரிக்கும். அந்நேரம் ஐடில் ஆர்பிஎம் சற்று ஏறும், உடனடி மைலேஜ் சரியும், அணைத்த பிறகும் ஃபேன் ஓடும். தினமும் நான்கு கி.மீ. பள்ளிக்குப் போய்வரும் வண்டியில் இந்த எரிப்பு பாதியில் நின்று நின்று மறுபடி தொடங்கும். ஒவ்வொரு அரைகுறை முயற்சியும் வீண் டீசல். எரியாத டீசல் கொஞ்சம் ஆயிலிலும் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் காரணம் இதுதான், உடனே மாற்ற வேண்டும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது நைஸ் ரோட்டிலோ ஓசூர் ரோட்டிலோ 60-க்கு மேல், இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். எரிப்பு நடக்கும்போது வீடு வந்துவிட்டால் இன்னொரு சுற்று போய்விட்டு வாருங்கள். வாரம் முழுக்கக் குறுந்தூரம் மட்டுமே ஓட்டும் குடும்பம் டீசல் ஏழு சீட்டர் வாங்குவதே தவறு.

ஹைப்ரிட், சிஎன்ஜி, இ20

மேலே போட்ட கணக்கில் நிறுத்தத்துக்குப் போன 370 மில்லியையும், நின்றபோது போன 300 மில்லியையும் குறிவைப்பதுதான் ஹைப்ரிட். அதனால்தான் அது நகரில் ஜொலிக்கும், ஹைவேயில் சாதாரணமாகும். பிரேக்கை முன்கூட்டியே, மெல்ல, நீளமாக அழுத்தினால் பெரும்பகுதி பேட்டரிக்குத் திரும்பும். கடைசி நொடியில் அழுத்தினால் பேடுக்குப் போகும். சிக்னலில் 'என்'-னில் போடாதீர்கள், அதில் பேட்டரி சார்ஜ் ஆகாது. பேட்டரி குளிர்காற்று உறிஞ்சும் வலைத் திறப்பைக் கையேட்டில் இடம் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள், அதன்மேல் பையையோ மிதியடியையோ வைக்காதீர்கள்.

சிஎன்ஜி எர்டிகாவின் 26.11 என்பது கிலோவுக்கு. லிட்டர் எண்ணோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. கூட்டம் அதிகமான மாலையில் நிலையத்தில் அழுத்தம் 200 பாருக்குக் கீழே இருந்தால் சிலிண்டர் நிறையாது. 'வேகமாகத் தீர்ந்துவிட்டது' என்பதற்குப் பாதிக் காரணம் அதுவே. கிலோ எண்ணை எழுதிவைத்தால் குழப்பம் இல்லை.

பெட்ரோல் வண்டிக்காரர்கள் பழைய கணக்கோடு ஒப்பிடும்போது எத்தனாலை மறக்க வேண்டாம். 2022-ல் ஊற்றியது பெரும்பாலும் பத்து சதவீத எத்தனால் கலவை, இப்போது இருபது (இ20). லிட்டருக்கு பெட்ரோலில் 32 மெகாஜூல் என்றால் எத்தனாலில் 21. ஆகவே அதே ஒரு லிட்டரில் ஆற்றல் மூன்றரை சதவீதம் குறைந்திருக்கிறது. 12 வந்த வண்டி 11.6 கொடுத்தால் அது கோளாறு ஆகாது.

ஊருக்குப் போகும்போது

காற்று எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும். பெட்டிபோல் உயர்ந்த இந்த வண்டிகளில் 80-க்கும் 100-க்கும் இடையில் எதிர்ப்பு 56 சதவீதம் ஏறுகிறது. கணக்குப்படி 100 கி.மீ.க்கு 80-ல் 4.8 லிட்டர், 100-ல் 5.9, 120-ல் 7.3. டோல், ஓவர்டேக் எல்லாம் சேர்ந்து உண்மையில் கொஞ்சம் கூடும், வித்தியாசம் அப்படியே இருக்கும். சென்னைக்கு 350 கி.மீ. என்றால் 80-க்குப் பதில் 100-ல் போவதால் நாலு லிட்டர் கூடுதல், ஐம்பது நிமிடம் மிச்சம். அதில் எது வேண்டும் என்பது குடும்பம் முடிவு செய்ய வேண்டியது. 120 மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது, நான்கு வழி நெடுஞ்சாலையில் காருக்கு 100-தான் எல்லை.

பெங்களூரிலிருந்து சென்னைக்குப் போகும்போது மைலேஜ் அருமையாக வந்து, திரும்பும்போது குறைவதும் கோளாறு ஆகாது. 900 மீட்டர் இறங்குகிறீர்கள், பிறகு ஏறுகிறீர்கள். 2,200 கிலோ வண்டியை அவ்வளவு உயரம் தூக்க ஒன்றரை லிட்டருக்கு மேல் டீசல் வேண்டும். போக, வர இரண்டையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

சேலம் பக்கம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய். தர்மபுரியிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விடும் பழக்கம் லாரிகளையும் கார்களையும் பலமுறை காவு வாங்கிய இடம். மூன்றாம், நான்காம் கியரில், காலை எடுத்துவிட்டு இறங்குங்கள். எரிபொருள் செலவு பூஜ்யம், பிரேக்கும் குளிர்ந்தே இருக்கும்.

எல்லை விலை பற்றி ஒரு வார்த்தை. பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் டீசல், பெட்ரோல் விலை கொஞ்சம் வேறுபடும். அன்றைய விலை பார்த்து, எல்லையிலுள்ள அத்திப்பள்ளிக்கு முன்னாலோ ஓசூரிலோ, மலிவான பக்கத்தில் நிரப்புங்கள். வழியில் இருந்தால் மட்டும். 50 லிட்டரில் மிஞ்சுவது ஒரு வேளை டிபன் காசு, அதற்காக அத்திப்பள்ளி வரை போய்வந்தால் அதைவிடக் கூடுதலாக வண்டியே குடித்துவிடும்.